புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு



போன இதழில் கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தச்சோகை பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதுகிறேன். "வெல்பெயார் ஐயா எப்ப வாத்தியார் ஆனாரு?" என்று சிலர் கேட்கக்கூடும். நான் வாத்தியார் இல்லை. சாதாரண தரம் வரை படித்தவன். குடிதண்ணீர்க் குழாய், மலசலகூடம், பிள்ளைக்காம்பரா, திரிபோஷாப் பொட்டலம், இவைதான் இருபது வருடமாக என் வேலை. ஆனால் ஓர் ஆசிரியை தாம் படித்த ஒரு படிப்பைப் பற்றி எனக்குச் சொன்னார். கேட்டு வந்த நாள் முதல் அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாள் என் ஆபீஸ் வாசலில் இரண்டு மூன்று தாய்மார் நிற்பார்கள். பேச்சு ஒரே மாதிரித்தான் இருக்கும். "நல்லாத்தாங்க படிச்சிச்சி. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் புத்தகமும் கையுமாத்தான் இருந்திச்சி. பரீட்சையில போய் உக்காந்ததும் எல்லாம் மறந்துபோச்சாம். மண்டையில ஒண்ணும் தங்க மாட்டேங்குது ஐயா." அடுத்த கிழமை அந்தப் பிள்ளை கொழும்புக்குக் கடை வேலைக்கோ வீட்டு வேலைக்கோ பஸ் ஏறிவிடும். பரீட்சை வரைக்கும் போகாமல் எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பற்றி நான் பதிவுப் புத்தகத்தில் 'படிப்பில் நாட்டமில்லை' என்று ஒரு வரி எழுதி வைப்பேன். எத்தனை பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியை எழுதியிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

படுவான்கரையில் ஒரு பின்னேரம்

நம் மலையகப் பாடசாலைகளில் மட்டக்களப்புப் பக்கத்து ஆசிரியர்கள் பலர் படிப்பித்திருக்கிறார்கள். நமது மேற்பிரிவுப் பாடசாலையிலும் அப்படி ஓர் ஆசிரியை ஆறு வருடம் இருந்தார். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பிறகு மாற்றம் கிடைத்துச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போன ஆவணியில் மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போனபோது அவர் வீட்டுக்கும் போனேன்.

மட்டக்களப்பைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. அங்கே கடலுக்கு உட்புறமாக நீளமான ஒரு வாவி கிடக்கிறது. நீளம் ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல். வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. பட்டணம், பெரிய பாடசாலைகள், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் எழுவான்கரைப் பக்கத்தோடு சேர்ந்தவை. படுவான்கரையில் வயலும் மாடும் மீன்பிடியும். 2007 வரை போர் நடந்த பக்கம் அது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். நான் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு நீர் வழியாகத்தான் போனேன். நமது மேற்பிரிவிலிருந்து டவுனுக்கு வர நாம் படும் பாடும் அவர்கள் பட்ட பாடும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் தேத்தண்ணி தந்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "சேர், கீழ் லயத்துப் பொடியன் ஒருத்தன் எட்டாம் வகுப்போட நிண்டானே, அவன் இப்ப எங்க?"

கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் இருக்கிறான் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அவனை நான் முழு வகுப்புக்கு முன்னால எழுப்பி வைச்சு, உனக்கு மூளையே இல்லடா எண்டு சொன்னன். கணக்குப் பாடத்தில. அதுக்குப் பிறகு ரெண்டு கிழமைதான் வந்தான். அப்ப எனக்கு மூளையைப் பத்தி என்ன தெரியும்? ஒண்டும் தெரியா. தெரியாத சாமானைப் பத்தித்தான் பெரிசாச் சொல்லியிருக்கிறன்."

அவனுக்கும் 'படிப்பில் நாட்டமில்லை' என்று எழுதியது என் கைதான். அதை அவரிடம் சொன்னேன்.

தூர இருந்து படிப்பது புதுசா?

இந்தச் சங்கதி மனதில் கிடந்ததால்தான் மூளை எப்படிப் படிக்கிறது என்று தாமே படிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததாம். அதற்குப் பட்டணத்துக்கு ஓடவில்லை. கையில் இருந்த போனில், இணையவழிக் கற்கை நெறியில் படித்திருக்கிறார்.

தூர இருந்து படிப்பது மட்டக்களப்பாருக்குப் புதிதல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆசிரியராக வேலை செய்துகொண்டே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறியவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் லண்டனுக்குப் போகாமல் வெளிவாரியாகப் பெற்றவர். அந்தக் காலத்தில் பாடம் கப்பலில் வந்தது. 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு அச்சிட்ட பாடப் புத்தகம் தபாலில் வந்தது. இப்போது போனில் வருகிறது. வரும் வழிதான் மாறியிருக்கிறது. இரவில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு விளக்கடியில் உட்கார வேண்டிய பாடு மாறவில்லை.

2020 மார்ச் மாதம் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடியது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரு லயத்தில் ஒரு போன், அதற்கும் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறியதும் ஞாபகம் இருக்கும். அங்கே வாவிக்கரை ஓரமாக நின்றால்தான் சிக்னல் பிடித்ததாம். டீச்சர் அங்கே நின்று பாடங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு இரவில் வீட்டில் பார்ப்பாராம். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது அதுவும் நின்றது. மூன்று மாதத்தில் முடிக்க நினைத்ததெல்லாம் இரண்டு வருடம் இழுபட்டது என்றார்.

முதலில் ஏமாந்த கதை

ஆனால் முதல் படிப்பில் அவர் ஏமாந்திருக்கிறார். இதைக் கவனமாக வாசியுங்கள், நம் தோட்டங்களுக்கும் இப்படி ஆட்கள் வரக்கூடும்.

'மூளைசார் கற்பித்தல்' என்ற பேச்சு அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் பரவியது. மூளை எப்படி வேலை செய்கிறதோ அதற்கு ஏற்றபடி படிப்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்துத்தான். நல்ல சரக்குக்குப் பக்கத்தில் போலிச் சரக்கும் வந்து குந்திக்கொள்ளும் அல்லவா? முகநூலில் விளம்பரம் பார்த்து டீச்சர் 15,000 ரூபா கட்டினார். அந்தப் படிப்பில், சில பிள்ளைகள் இடப்பக்க மூளைக்காரர், சில பிள்ளைகள் வலப்பக்க மூளைக்காரர் என்று படிப்பித்தார்கள். பார்த்துப் படிக்கும் பிள்ளை, கேட்டுப் படிக்கும் பிள்ளை, தொட்டுப் படிக்கும் பிள்ளை என்று மூன்று சாதியும் பிரித்தார்கள். டீச்சர் நம்பி, வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று நிற அட்டை குத்திவிட்டார். ஒரு தவணைக்குப் பிறகு பார்த்தால், 'நீ கேட்டுப் படிக்கிற பிள்ளை' என்று சொல்லப்பட்ட ஒரு சிறுமி புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன் என்றாளாம். "எனக்கு வாசிப்பு வராது டீச்சர், நீங்கதானே சொன்னீங்க."

உண்மை என்ன? அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2013இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு மனிதர் முழுவதும் இடப்பக்கக்காரர், இன்னொருவர் வலப்பக்கக்காரர் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. பேச்சு போன்ற சில வேலைகள் ஒரு பக்கத்தில் கூடுதலாக நடக்கும், அவ்வளவுதான். மூன்று வகைப் பிள்ளைகள் என்ற கதையையும் நான்கு உளவியல் அறிஞர்கள் சேர்ந்து 2008இல் அலசினார்கள். அந்த வகைப்படி பிரித்துப் படிப்பித்தால் பிள்ளை கூடப் படிக்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்றுதான் அவர்களும் எழுதினார்கள்.

இதைவிட மோசமான ஒன்று இந்தியாவில் நடந்தது, தமிழ்நாட்டிலும் நடந்தது. நடுமூளையைத் தூண்டிவிடுகிறோம், பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்கும் என்று சொல்லிப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் காசு வாங்கினார்கள். பிள்ளைகள் மூக்கோரத்து இடைவெளியால் பார்த்துத்தான் வாசித்தன என்பதைப் பகுத்தறிவு இயக்கத்தார் சோதித்துக் காட்டினார்கள். யாராவது நோட்டீசோடு வந்து உங்கள் பிள்ளையின் மூளையைத் திறந்துவிடுகிறேன் என்றால், கைக்காசை எடுத்துக் கொடுக்காதீர்கள். முதலில் என்னிடம் வாருங்கள், அல்லது பாடசாலை அதிபரிடம் போங்கள்.

கணக்கில் தோற்ற பேராசிரியை

இரண்டாவது படிப்புத்தான் டீச்சருக்குக் கண்ணைத் திறந்தது. 'கற்பது எப்படி என்று கற்றல்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கலிபோர்னியாவில் சான் டியாகோவில் உள்ள பல்கலைக்கழகம் மூலம் கோர்சேரா என்ற இணையத்தளத்தில் 2014இல் தொடங்கியது. உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான பேர் படித்தார்கள். டீச்சர் பாடத்தைப் பார்க்கக் காசு கட்டவில்லை. சான்றிதழுக்குத்தான் காசு கேட்டார்கள், அவர் வாங்கவில்லை. ஆங்கிலம் அவருக்குச் சுமார்தான். ஒவ்வொரு பாடமும் சில நிமிடம்தான் என்பதால், கீழே ஓடும் எழுத்தை நிறுத்தி நிறுத்தி, அகராதி பார்த்து, நாலைந்து தடவை கேட்பாராம்.

படிப்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூளை ஆராய்ச்சியாளர் டெரன்ஸ் செய்னோவ்ஸ்கி. மற்றவர் பார்பரா ஓக்லி என்ற பொறியியல் பேராசிரியை. இந்த அம்மாவின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாடசாலையில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் தோற்றுக்கொண்டே வந்தவர். தமக்குக் கணக்கு வரவே வராது என்று விட்டுவிட்டு இராணுவத்தில் சேர்ந்து ரஷ்ய மொழி படித்தார். பிறகு 26 வயதில், விட்ட இடத்திலிருந்து, சின்னக் கணக்கிலிருந்து, திரும்பத் தொடங்கினார். அப்படிப் படித்துத்தான் பொறியியல் பேராசிரியை ஆனார். மொழியை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் பழகினாரோ அதே மாதிரிக் கணக்கையும் பழகினாராம்.

"இதைக் கேட்ட அண்டைக்கு எனக்கு நித்திரை இல்ல சேர்," என்றார் டீச்சர். "அந்தப் பொடியனுக்குப் பதினாலு வயசுதானே."

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

நமது மூளையின் நிறை ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. உடம்பு நிறையில் நூறில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் சாப்பிடும் சாப்பாட்டுச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. காலையில் வெறுந்தேத்தண்ணியோடு பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று நான் பிள்ளைக்காம்பரா கூட்டத்தில் கத்துவது இதனால்தான். அதில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. படிப்பு என்பது இந்தக் கலங்களுக்கு இடையில் தொடுப்பு உண்டாவதும் உரப்படுவதும்தான். பாவிக்கும் தொடுப்பு உரக்கும், பாவிக்காத தொடுப்பு மெலியும். சிறு வயதில் அளவுக்கு மேல் தொடுப்புகள் முளைத்து, பாவிக்காதவை பிறகு கழிக்கப்படுகின்றன. நமக்கு விளங்குகிற வார்த்தையில் சொன்னால், மூளையும் கவ்வாத்து வெட்டிக்கொள்கிறது. ஆகவே பிள்ளைக்காம்பராவில் இருக்கும் குழந்தையோடு பேசுவதும் கதை சொல்வதும் வீண் வேலை அல்ல.

புதிதாகப் படித்ததை முதலில் வாங்கி வைப்பதில் மூளையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சின்ன உறுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பார்ப்பதற்குக் கடற்குதிரை மாதிரி இருப்பதால் ஹிப்போகாம்பஸ் என்று கிரேக்க மொழியில் அதற்குப் பெயர் வைத்தார்கள். டீச்சர் கரும்பலகையில் கடற்குதிரை கீறித்தான் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தினாராம். கடல்பக்கத்துப் பிள்ளைகள், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கடற்குதிரை வாங்கி வைத்ததை மூளையின் மற்றப் பகுதிகளில் நிலைக்கச் செய்யும் வேலை பெரும்பாலும் நாம் தூங்கும்போது நடக்கிறது. இரவு இரண்டு மணி வரை கண் விழித்துப் படிக்கும் பிள்ளை, வாங்கின சாமானை உள்ளே எடுத்து வைக்காமல் வாசலிலேயே விட்ட மாதிரி. ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை 9 மணித்தியாலமாவது, பதினெட்டு வரை 8 மணித்தியாலமாவது தூங்க வேண்டும் என்று நித்திரை பற்றிய வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர், பக்கத்தில் டீவி, இதில் எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரீட்சை மாதத்தில் மட்டுமாவது ஒன்பது மணிக்கு டீவியை நிறுத்துங்கள் என்றுதான் என்னால் கேட்க முடியும்.

மறதிக்கு வருவோம். ஜேர்மனியில் எபிங்ஹவுஸ் என்ற அறிஞர் அர்த்தமில்லாத சின்னச் சின்ன அசைகளைத் தாமே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்து 1885இல் புத்தகம் போட்டார். ஒரு நாள் போவதற்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது! படித்த பேராசிரியருக்கே அப்படி. அப்படியென்றால் நம் பிள்ளைக்கு மறப்பது மண்டைக் கோளாறா? எல்லா மண்டையும் மறக்கும். விட்டுவிட்டுத் திரும்பவும் நினைவுக்குக் கொண்டுவந்தால் மறப்பது குறையும் என்பதையும் அவரே கண்டார்.

கொழுந்தெடுக்கும் நமக்கு இது புதிதா? ஒரு மலையில் கொழுந்து எடுத்துவிட்டு ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பி வருகிறோம். ஒரே நாளில் மூன்று தடவை அதே மலையில் ஏறினால் என்ன கிடைக்கும்? ஒரு மாதம் போகாமல் விட்டால் இலை முற்றிப்போகும். பாடமும் அப்படித்தான் என்று நான் சொன்னதும் டீச்சர், "இதை நான் என்ட வகுப்பில சொல்லேலாது, எங்கட பிள்ளைகளுக்குத் தேயிலை தெரியாதே" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் ஒரேயடியாகக் கணக்கு செய்வதைவிட, அதே மூன்று மணித்தியாலத்தைக் கிழமை முழுவதும் அரை அரை மணியாகப் பிரித்துச் செய்தால் கூடுதலாகத் தங்கும்.

வாசிப்பதா, மூடிவைப்பதா?

இனித்தான் முக்கியமான இடம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதி வாசிக்கக் கொடுத்தார்கள். அதன் பிறகு சிலரை அதே பகுதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைத் தாளை மூடிவிட்டு ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கேட்டபோது, இரண்டு தடவை வாசித்தவர்கள்தான் கூடச் சொன்னார்கள். ஆனால் ஒரு கிழமைக்குப் பிறகு கேட்டபோது நிலைமை தலைகீழ். மூடிவைத்து எழுதியவர்கள் நூற்றுக்கு 56 அளவு சொன்னார்கள். திரும்ப வாசித்தவர்கள் 42.

நம் பிள்ளைகள் ஏமாறும் இடம் இதுதான். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பழகிய முகத்தைப் பார்த்த மாதிரி. ஆனால் அந்த ஆளின் பெயரைச் சொல்லு என்றால் வராது. பரீட்சையில் கேட்பது பெயரைத்தான். புத்தகமும் கையுமாக இரவு பன்னிரண்டு மணி வரை இருந்த பிள்ளைக்கு ஏன் மறந்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அது சோம்பேறியும் இல்லை, மூளை இல்லாததும் இல்லை. எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏட்டைப் பார்க்காமல் ஒப்பிக்கச் சொன்னார்களே, அதில் இந்த விஷயத்தில் பாதி இருந்திருக்கிறது. விளங்காமல் ஒப்பித்ததும் பிரம்பும்தான் அதைக் கெடுத்தன. பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் வாயில் வராது. வெள்ளைத் துரைமார் காலத்தில் பெரட்டுக்களத்தில் நம் பாட்டன்மார் பெயர் கேட்டாலே திக்கினார்கள் என்று சொல்வார்களே, அந்த மாதிரி. அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு பாடசாலைகளுக்குச் சுற்றறிக்கை விட்டு நாளாயிற்று. லயத்துக்கு யார் சுற்றறிக்கை விடுவது?

டீச்சர் இப்போது ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறார். கொப்பிகள் மூடியிருக்க வேண்டும். நேற்றுப் படித்ததில் ஒன்று, போன கிழமை படித்ததில் ஒன்று, போன மாதம் படித்ததில் ஒன்று என்று ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். புள்ளி கிடையாது, ஏச்சும் கிடையாது. எழுதிய பிறகு கொப்பியைத் திறந்து விட்டதைத் தாங்களே நிரப்ப வேண்டும். முதல் மாதம் பிள்ளைகள் முறுமுறுத்தார்களாம். சக ஆசிரியர் ஒருவர், "தினமும் பரீட்சை வைச்சு ஏன் பிள்ளைகளைக் கொல்றீங்க" என்றும் கேட்டாராம்.

"எத்தனை பேர் பாஸ் ஆனார்கள்?" என்று கேட்டேன். நமக்கு உடனே வருவது அந்தக் கேள்விதானே.

"எல்லாரும் பாஸ் எண்டு சொன்னா அது பொய் சேர். கணக்கில சில பேருக்கு அடித்தளமே இல்ல, மூணாம் வகுப்பில விட்டது. அதுக்கு இது மட்டும் போதாது. ஆனா ஒண்டு. எனக்கு வராது எண்டு சொல்ற சத்தம் வகுப்பில குறைஞ்சிருக்கு."

கைநாட்டு அம்மாவும் கேட்கலாம்

வரும் வழியில் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். இத்தனை படிப்பிலும் நமக்கு உடனே உதவக்கூடியது அந்த மூடிவைக்கும் வேலைதான். அதற்கு டேட்டா வேண்டாம், டியூஷன் காசு வேண்டாம். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் படித்தவர் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் கீழ் லயத்து அக்கா ஒருவரிடம் முதலில் சொன்னேன். மகள் பத்தாம் வகுப்பு. அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "எனக்கென்னாங்க தெரியும் ஐயா, நான் கைநாட்டு. அது சொல்றது சரியா பிழையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

தெரிய வேண்டியதில்லை. மலையிலிருந்து வந்து ரொட்டி தட்டும் நேரத்தில், "இன்னைக்கு என்ன படிச்சே? புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லி முடித்ததும், "இப்ப தொறந்து பாரு, எதை விட்டே?" என்று கேட்க வேண்டும். சரி பிழையைப் புத்தகம் சொல்லும். திறந்து பார்ப்பதை மட்டும் விட்டுவிடக்கூடாது, இல்லாவிட்டால் பிழையே பழக்கமாகிவிடும். விட்டதற்காக ஏசக்கூடாது. அடுத்த கிழமை அதே பாடத்தை ஒரு தடவை கேட்க வேண்டும். பிள்ளை தயங்கினால் பொறுத்திருங்கள், அந்தத் தயங்கி யோசிக்கும் நேரத்தில்தான் தொடுப்பு உரப்படுகிறது. ஐயாமாரும் கேட்கலாம். கேட்கும் நேரத்தில் வாயில் சாராய வாசம் இல்லாமல் இருந்தால் நல்லது.

பத்து நாள் கழித்து அக்காவைப் பெரட்டில் கண்டேன். "ஐயா, அது சொல்றதைக் கேட்டு எனக்கே இப்ப மழை எப்படி வருதுன்னு தெரியும்" என்றார். பக்கத்தில் நின்ற கங்காணிக்கும் அதை விளக்கினார். கங்காணி, "நீ மழையை அப்புறம் பேசு, மலைக்கு ஏறு" என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு.

இப்போது புதன்கிழமைகளில் பின்னேரம் ஐந்தரை மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் கூடுகிறார்கள். முதல் நாள் நான்கு பேர். போன கிழமை பதினொரு பேர். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க, மற்றவர் பார்க்காமல் சொல்ல வேண்டும், பிறகு மாற வேண்டும். உயர்தரம் படிக்கும் அண்ணன் ஒருவர் மேற்பார்வை செய்கிறார். மழை நாளில் வருவது குறைவு. இரண்டு பையன்கள் கேள்வி கேட்பதாகச் சொல்லி கிரிக்கெட் கதை பேசுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பல்ப் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்றுக்கு ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கொழும்பில் ஹோட்டலில் இருக்கும் பையனின் நம்பரை அவன் அம்மாவிடம் வாங்கி டீச்சருக்கு அனுப்பினேன். டீச்சர் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. தீபாவளிக்கு வந்தபோது அவன் ஆபீசுக்கு வந்து, பாடசாலைக்குப் போகாமல் வெளியிலிருந்து சாதாரண தரம் எழுதலாமா, வயது கடந்துவிட்டதா என்று கேட்டான். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம் என்று சொன்னேன். கணக்குத்தான் பயமாக இருக்கிறது என்றான். விண்ணப்பம் கோரும்போது தனக்குப் பத்திரம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான்.

கீழ்ப்பிரிவிலும் புதன்கிழமை வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். வருகிறவர்கள் உட்காரப் பாய் ஒன்று கொண்டு வாருங்கள். புத்தகமும் கொண்டு வாருங்கள், மூடி வைப்பதற்கு.